இளைஞர் ஆராய்ச்சியும் உபகாரச் சம்பளமும்



விஞ்ஞானப் பாடங்களை எடுத்துக்கொண்டு பட்டப் படிப்பிற் சேரும் மாணாக்கர்கள் ஆசிரியரிடம் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "புத்தகத்தைப் படிக்கிறோம், பரீட்சை எழுதுகிறோம். ஆனால், ஆராய்ச்சி என்று சொல்கிறார்களே, அதை நாங்கள் எப்பொழுது பார்ப்பது? அதற்கு வழி எங்கே இருக்கிறது? வழிச் செலவுக்கு யார் கொடுப்பார்கள்?" என்பதே அக்கேள்வி. இது நியாயமான கேள்வி. நீந்தக் கற்பவன் கரையிலிருந்து கற்க முடியாது. அதுபோல ஆராய்ச்சியின் இயல்பைப் பாடப் புத்தகத்தைக் கொண்டு மட்டும் அறிந்துவிட முடியாது.

உபகாரச் சம்பளம் என்பது நம் முன்னோர் வழங்கிய சொல். இன்று கல்வி உதவித்தொகை என்கிறோம். இதில் இருவகை உண்டு. படிப்பவன் படிப்பை நிறுத்தாமல் இருக்கக் கொடுப்பது ஒரு வகை. படித்தவற்றைத் துணையாகக் கொண்டு, இதுவரை யாரும் அறியாத ஒன்றைத் தேடுவதற்குக் கொடுப்பது மற்றொரு வகை. முன்னது பழையது, நன்கு பரவியது. பின்னது நம் நாட்டில் எவ்வாறு தோன்றியது, எவ்வாறு வளர்ந்தது என்பதைச் சிறிது பார்ப்போம்.

1857-ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக் கழகங்கள் நிறுவப்பட்டன. அவை தொடக்கத்தில் பரீட்சை நடத்திப் பட்டம் வழங்கும் நிலையங்களாகவே இருந்தன. பாடம் சொல்வது கல்லூரிகளின் வேலை. ஆராய்ச்சியோ எவருடைய வேலையாகவும் இல்லை. 1904-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட இந்தியப் பல்கலைக் கழகச் சட்டம், கல்வியையும் ஆராய்ச்சியையும் வளர்ப்பது பல்கலைக் கழகங்களின் நோக்கங்களுள் ஒன்று என்று எழுதி வைத்தது. ஏட்டில் எழுதிய எழுத்து நாட்டில் நடைமுறைக்கு வர ஒருவர் வேண்டுமல்லவா? அந்த ஒருவர் அவ்வாண்டில் கும்பகோணத்தில் பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டிருந்தார். அவர் பெயர் சீனிவாச இராமானுஜன்.

1904-இல் பள்ளியிறுதி தேறிய இராமானுஜன், உபகாரச் சம்பளம் பெற்றுக் கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் சேர்ந்தார். கணிதத்தில் மூழ்கிய அவர் மற்றப் பாடங்களைக் கவனிக்கவில்லை. ஆங்கிலத்திலே தவறினார், உபகாரச் சம்பளம் நின்றது. 1906-இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்து எப்.ஏ. பரீட்சைக்குச் சென்றார். அதிலும் தேறவில்லை, அடுத்த ஆண்டும் தேறவில்லை. படிப்பதற்குக் கொடுக்கும் உபகாரச் சம்பளம் எல்லாப் பாடங்களிலும் தேறுகின்றவனுக்கு உரியது. ஒரே பாடத்தில் உலகத்தை வெல்லக் கூடியவனை அந்த ஏற்பாடு கைவிட்டுவிட்டது.

அவரைக் கைதூக்கி விட்டவர்கள் தனி மனிதர்கள். 1910-இல் அவர், இந்தியக் கணிதச் சங்கத்தை நிறுவிய வி. இராமசாமி ஐயரைத் தம் குறிப்பேடுகளோடு சென்று கண்டார். ஒருவர் மற்றொருவருக்கு எழுத, நெல்லூரில் கலெக்டராக இருந்த ஆர். இராமச்சந்திர ராவ் அவருக்கு மாதம் 25 ரூபாய் தம் சொந்தப் பணத்திலிருந்து சில காலம் கொடுத்து வந்தார். 1911-இல் இராமானுஜனின் முதற் கட்டுரை இந்தியக் கணிதச் சங்க ஏட்டில் வெளிவந்தது. பிறர் கைப்பணத்தில் வாழ விரும்பாத அவர், 1912 மார்ச்சு முதல் தேதியில் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார். அங்கே சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், நாராயண ஐயர் ஆகிய மேலதிகாரிகள் அவருடைய அருமையை அறிந்தவர்களாக இருந்தார்கள். 1913 ஜனவரி 16-இல் அவர் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். இதனை எல்லோரும் அறிவர். ஆனால், அதற்கு அடுத்த மாதம் சென்னையிலேயே நிகழ்ந்த ஒன்றைப் பலர் அறியார்.

இந்திய வானிலை இலாகாவின் தலைவராகிய கில்பர்ட் வாக்கர் என்பார் அப்பொழுது சென்னைக்கு வந்திருந்தார். அவரும் கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்று புகழ் பெற்றவர். ஸ்பிரிங் துரை இராமானுஜனின் குறிப்பேட்டை அவருக்குக் காட்டினார். 1913 பிப்ரவரி 26-இல் வாக்கர் சென்னைப் பல்கலைக் கழகத்துக்குக் கடிதம் எழுதினார். இந்த இளைஞர் வயிற்றுப்பாட்டைப் பற்றிய கவலையின்றிச் சில ஆண்டுகள் கணிதத்திலேயே ஈடுபடப் பல்கலைக் கழகம் வழி செய்யவேண்டும் என்பதே அக்கடிதத்தின் சாரம்.

பல்கலைக் கழகத்தில் ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் என்று ஒன்று இருந்தது. ஆனால் அது எம்.ஏ. பட்டம் பெற்றவர்களுக்கு உரியது. இராமானுஜனோ எப்.ஏ. கூடத் தேறாதவர். விதி குறுக்கே நின்றது.  ஆராய்ச்சியை வளர்ப்பது பல்கலைக் கழகத்தின் நோக்கம் என்று சட்டமே சொல்லும்போது, அந்த நோக்கத்துக்காகவே ஏற்பட்ட விதி அதற்குத் தடையாக நிற்கலாகாது என்னும் கருத்து எடுத்துரைக்கப்பட்டது. 1913 மே முதல் தேதியிலிருந்து இராமானுஜன் மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு ஆராய்ச்சி மாணவராக நியமிக்கப்பட்டார். மூன்று மாதத்திற்கு ஒருமுறை தாம் செய்த வேலையைப் பற்றி அறிக்கை கொடுக்கவேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. அவர் அவ்வாறே மூன்று அறிக்கைகள் கொடுத்தார்.

1914 தொடக்கத்தில் கேம்பிரிட்ஜிலிருந்து சென்னைக்குச் சொற்பொழிவாற்ற வந்த நெவில் என்பவரும் பரிந்துரை செய்ய, பல்கலைக் கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உபகாரச் சம்பளமும் கப்பற் செலவும் தந்தது. 1914 மார்ச்சு 17-இல் இராமானுஜன் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டார். அந்தத் தொகையிலிருந்து மாதம் 60 ரூபாய் கும்பகோணத்திலிருந்த தம் குடும்பத்துக்குச் சேரும்படி ஏற்பாடு செய்துவிட்டுச் சென்றார். 1916-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகம் அவருடைய ஆராய்ச்சிக்காகவே அவருக்கு பி.ஏ. பட்டம் அளித்தது. பட்டம் பெற்றபின் ஆராய்ச்சி என்பதுதான் உலக வழக்கு. இவர் விஷயத்தில் ஆராய்ச்சியே பட்டத்தைத் தேடித் தந்தது.

இந்த வரலாற்றிலுள்ள தொகைகளை வரிசையாக வைத்துப் பாருங்கள்: 25 ரூபாய், 30 ரூபாய், 75 ரூபாய், 250 பவுன். ஒவ்வொரு படியிலும் பணம் வருமுன் ஒரு கடிதம் வந்திருக்கிறது. கடிதம் வருமுன் ஒரு குறிப்பேடு ஒருவர் கண்ணிற் பட்டிருக்கிறது. இடையில் ஒரு கை தளர்ந்திருந்தாலும் அடுத்தது இல்லை.

இனி, பணம் இல்லாமலே ஆராய்ச்சியைத் தொடங்கிய ஒருவரைப் பார்ப்போம். சர் சி. வி. இராமன் சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராக இருந்தபோதே, 1906 நவம்பரில், அவருடைய பௌதிகக் கட்டுரை இலண்டனிலிருந்து வெளிவந்த பிலாசபிகல் மாகசீன் என்னும் ஏட்டில் வெளியாயிற்று. செவ்வக வடிவான துளை ஒன்றின் வழியே ஒளி செல்லும்போது தோன்றும் பட்டைகளைப் பற்றியது அக்கட்டுரை. அப்பொழுது அவருக்கு வயது 18. அதற்கு அவர் பயன்படுத்தியவை கல்லூரிச் சோதனைச் சாலையில் இருந்த சாதாரணக் கருவிகளே. பேராசிரியர் ஜோன்ஸ் அவரைத் தம் விருப்பம்போற் செய்து பார்க்க விட்டார். சில சமயங்களில் தடுக்காமல் இருப்பதும் பேருதவி.

1907-இல் நிதி இலாகா உத்தியோகத்தில் கல்கத்தாவுக்குச் சென்ற இராமன், அங்கே பௌபஜார் தெருவில் ஒரு பெயர்ப் பலகையைக் கண்டார். இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் என்பது அதன் பொருள். டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் 1876-இல் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி நிறுவிய கழகம் அது. உழைக்க ஆளில்லாமல் அது பெரும்பாலும் ஓய்ந்து கிடந்தது. அலுவலகம் செல்லுமுன் காலையிலும், திரும்பியபின் இரவிலும் இராமன் அங்கே ஆராய்ச்சி செய்தார். பின்னர் 1928-இல் இராமன் விளைவு வெளிப்பட்டதும் அந்தக் கட்டடத்திலேதான். கட்டடம் எழுப்பிய மகேந்திரலால் 1904-இலேயே காலமாகிவிட்டார். ஆலமரம் நட்டவர் அதன் நிழலில் அமர்வதில்லை.

மூன்றாமவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். இவரும் மாநிலக் கல்லூரி மாணவர்; பி.எஸ்ஸி. ஆனர்ஸ் வகுப்பிற் பயின்றவர். 1928-ஆம் ஆண்டுக் கோடையில் இவர் கல்கத்தாவிலுள்ள இராமனின் ஆராய்ச்சிச் சாலைக்குச் சென்று தங்கினார். வயது 17. அதே ஆண்டில் ஜெர்மனி நாட்டுப் பௌதிக அறிஞர் சோமர்பெல்டு மாநிலக் கல்லூரிக்கு வந்தார். சந்திரசேகர் துணிந்து அவரைத் தனியே சென்று கண்டார். சோமர்பெல்டின் புத்தகத்தைத் தாம் படித்திருப்பதாகச் சொன்னார். அந்தப் புத்தகம் எழுதியபின் பௌதிகமே மாறிவிட்டது என்று அவர் கூறி, அச்சாகிக்கொண்டிருந்த தம் கட்டுரையின் மெய்ப்புத் தாள்களை இளைஞர் கையிற் கொடுத்தார். அதைப் படித்து, அந்தப் புது முறையைக் கையாண்டு சந்திரசேகர் எழுதிய கட்டுரை, கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பௌலர் என்னும் அறிஞர் வழியாக 1929-இல் இலண்டன் ராயல் சங்க ஏட்டில் வெளிவந்தது. 1930-இல் அரசாங்க உபகாரச் சம்பளம் பெற்று அவர் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். அந்தக் கப்பற் பிரயாணத்திலேயே, குளிர்ந்து ஒடுங்கும் விண்மீனின் எடைக்கு ஓர் எல்லை உண்டு என்னும் கணக்கைப் போட்டார். 1983-இல் நோபெல் பரிசு அவரை அடைந்தது.

இங்கே ஒன்றை மறைக்காமற் சொல்லவேண்டும். இராமன், சந்திரசேகருக்குச் சிறிய தந்தையார். கல்கத்தா ஆராய்ச்சிச் சாலையின் கதவு அந்தப் பிள்ளைக்குத் திறந்ததில் உறவுக்கும் பங்கு உண்டு. இதனால் அவருடைய திறமைக்குக் குறைவில்லை. ஆனால், அதே வகுப்பில் அத்தகைய சிறிய தந்தையார் இல்லாத பிள்ளைகளும் இருந்திருப்பார்கள் அல்லவா? இராமானுஜனுக்கோ கண்ணுடைய மேலதிகாரிகள் வாய்த்தார்கள். வாய்க்காத குமாஸ்தாக்கள் எத்தனை பேரோ? அவர்களைப் பற்றி வரலாறு ஒன்றும் எழுதவில்லை. எழுதுவதற்கு ஒன்றும் நிகழவில்லை.

இங்கேதான் பொது ஏற்பாட்டின் அவசியம் விளங்குகிறது. உறவினாலும் அதிருஷ்டத்தாலும் சிலருக்குக் கிடைப்பதை, உரிமையினால் எல்லோரும் கேட்கக் கூடியதாகச் செய்வதே அரசாங்கம் வகுக்கும் திட்டத்தின் நோக்கம். சிறிய தந்தையார் இல்லாத பிள்ளைகளுக்கு நாடே சிறிய தந்தையாக நிற்பது அது.

சுதந்திரத்துக்குப் பின் அவ்வழியில் எடுத்துவைத்த பேரடி, தேசிய விஞ்ஞானத் திறனாய்வுத் திட்டம். 1963-இல் டெல்லியில் 10 உபகாரச் சம்பளங்களோடு அது தொடங்கியது. அடுத்த ஆண்டே நாடு முழுவதற்குமாக 350 ஆக விரிந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு அடிப்படை விஞ்ஞானத்தில் டாக்டர் பட்டம் வரையில் உதவி உண்டு. தேர்வு முறையும் கருதத்தக்கது. எழுத்துத் தேர்வோடு, மாணவர் தாமே செய்த ஒரு சிறு ஆய்வைப் பற்றிய அறிக்கையும் கேட்டார்கள், நேர்முகத்திலும் வினவினார்கள். மனப்பாடத்தை மட்டும் அளக்காமல், தேடும் இயல்பையும் அளக்க முயன்றார்கள். பிறகு 1970-களில் பள்ளிப் படிப்பின் அமைப்பு மாறியபோது அத்திட்டம் விஞ்ஞானத்துக்கு மட்டும் என்றிராமல் மற்றத் துறைகளுக்கும் பொதுவாயிற்று.

வெளிநாட்டிலும் ஏறக்குறைய அக்காலத்திலேயே இந்த எண்ணம் வலுத்தது. அமெரிக்காவில் தேசிய விஞ்ஞான நிறுவனம் 1950-களின் இறுதியில், பட்டப் படிப்பு மாணவர்கள் ஆராய்ச்சியிற் பங்கு கொள்ளப் பணம் ஒதுக்கியது. 1969-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மார்கரெட் மாக்விகர் என்னும் அம்மையார், முதலாண்டு மாணவனும் பேராசிரியரோடு சேர்ந்து ஆராயலாம் என்னும் திட்டத்தைத் தொடங்கினார். ஆனால் அரசாங்கத்தின் திட்டம் 1980-களின் தொடக்கத்தில் செலவுக் குறைப்பின்போது கைவிடப்பட்டது; 1987-இல் வேறு பெயரில் மீண்டும் பிறந்தது. வளமிக்க நாட்டிலும் கதவு திறக்கும், மூடும், மீண்டும் திறக்கும்.

நம் நாட்டிலும் அப்படியே. 1999-இல் கிஷோர் வைஞானிக் புரோத்சாகன் யோஜனா என்னும் இளைஞர் விஞ்ஞான ஊக்கத் திட்டம் தொடங்கியது. 2022-இல் அது தனித் திட்டமாக இல்லாமல், இன்ஸ்பயர் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. 2008-இல் தொடங்கிய இந்த இன்ஸ்பயர் திட்டம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் தத்தம் வாரியத்தில் முதல் நூற்றில் ஒரு பங்குக்குள் வந்து, இயற்கை விஞ்ஞானப் பட்டப் படிப்பிற் சேர்பவர்களுக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாய் என்று வகுத்தது. அதில் 60,000 மாணவர் கையில் தருவது. 20,000 கோடை விடுமுறையில் ஓர் அறிஞரின் கீழ் ஆராய்ச்சி செய்வதற்கு என்று ஒதுக்கியது. பெங்களூர், புதுடெல்லி, பிரயாக்ராஜ் ஆகிய இடங்களிலுள்ள மூன்று விஞ்ஞானப் பேரவைகள் சேர்ந்து, மாணவர்களையும் ஆசிரியர்களையும் கோடையில் இரண்டு மாதம் ஆராய்ச்சிச் சாலைகளுக்கு அனுப்பி, உதவித்தொகையும் பயணச் செலவும் கொடுக்கும் முறையை நடத்தி வந்திருக்கின்றன. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையமும், பெங்களூரிலுள்ள ஜவாஹர்லால் நேரு உயர் ஆராய்ச்சி மையமும் இத்தகைய கோடைத் திட்டங்களை நடத்துவதிற் பெயர் பெற்றவை. நம் மாநில விஞ்ஞான தொழில்நுட்ப மன்றம், மாணவர்கள் தம் கல்லூரியிலேயே செய்யும் ஆய்வுக்குச் சிறு தொகை வழங்கும் முறையை ஏற்படுத்தியது.

இவ்வளவு இருந்தும் குறை எங்கே? என் தவறு ஒன்றையே சான்றாகச் சொல்கிறேன். நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியிலிருந்து ஒரு மாணாக்கி, நான் சொன்ன எல்லைக்குள் வரும் மதிப்பெண் பெற்றுத் தேறி, பௌதிகப் பட்டப் படிப்பிற் சேர்ந்தாள். மூன்றாம் ஆண்டில் ஒரு சான்றிதழுக்காக என்னிடம் வந்தாள். மாலை நேரத்தில் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக் கிடைத்த பணத்தில் பஸ் கட்டணமும் விடுதிக் கட்டணமும் கட்டுவதாகச் சொன்னாள். "இன்ஸ்பயர் பணம் வரவில்லையா, அம்மா?" என்று கேட்டேன். "அது என்னங்க ஐயா?" என்றாள். அது முதலாண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டியது. அதற்குள் இரண்டு ஆண்டு கடந்துவிட்டது. அறிவிப்பை நான் செய்தித்தாளில் படித்திருந்தேன். கல்லூரிக்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள் என்று இருந்துவிட்டேன். கல்லூரியில் இருந்தவர்களும் பள்ளியிற் சொல்லியிருப்பார்கள் என்று இருந்திருக்கலாம். மூன்று ஆண்டுக்கு 1,80,000 ரூபாய். அதனினும் மேலாக, மூன்று கோடைக் காலங்கள். நாடு சிறிய தந்தையாக வாசலில் நின்றது. உள்ளே இருந்த பிள்ளைக்குச் சொல்லவேண்டிய நான் சொல்லவில்லை. வாக்கர் எழுதிய கடிதத்தைப் பற்றி ஆண்டுதோறும் வகுப்பிற் பாராட்டிப் பேசியவன் நான்.

ஆதலால், இந்த வரலாறு நமக்குச் சொல்லும் காரியங்களைச் சுருக்கிக் கூறி முடிக்கிறேன்.

மாணாக்கர்களே, கோடைக்கு வேண்டியதை அடைமழைக் காலத்திலேயே தேடுங்கள். பேரவைகளின் விண்ணப்பக் காலம் வழக்கமாக நவம்பரிலேயே முடிந்துவிடும். மார்ச்சு மாதத்தில் விழித்துக்கொள்பவர்க்கு அந்த ஆண்டு இல்லை. திட்டங்கள் பெயர் மாறும், நிற்கும், மீண்டும் தொடங்கும். ஆகையால் சென்ற ஆண்டு அண்ணன் சொன்னதை நம்பியிராமல், ஒவ்வோர் ஆண்டும் அந்தந்த நிறுவனத்தின் அறிவிப்பையே நேரிற் பாருங்கள். இராமானுஜன் குறிப்பேட்டைக் கையோடு கொண்டு சென்றதை மறவாதீர்கள். நீங்கள் செய்து பார்த்த சோதனை, போட்டுப் பார்த்த கணக்கு, எழுந்த சந்தேகம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். "எதை ஆராய விரும்புகிறாய்?" என்று விண்ணப்பம் கேட்கும்போது, அந்த நோட்டிலிருந்துதான் விடை வரவேண்டும். வெளியூர் அறிஞர் உங்கள் ஊருக்கு வந்தால், சந்திரசேகரைப்போல் சென்று காணுங்கள். அவர் "நீ படித்தது பழையது" என்று சொன்னால் மனம் தளராதீர்கள். அங்கேதான் புதியது தொடங்குகிறது. ஒருமுறை இடம் கிடைக்காவிட்டால், இராமனைப்போல் கல்லூரியிலுள்ள சாதாரணக் கருவிகளைக்கொண்டே தொடங்குங்கள்.

ஆசிரிய நண்பர்களே, நமக்கு உரியது ஒரே காரியம். ஆண்டின் தொடக்கத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, எந்தத் திட்டம், யாருக்கு, எந்தத் தேதிக்குள் என்பதைப் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்லிவிடுங்கள். அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதோடு நின்றுவிட வேண்டாம். பரிந்துரைக் கடிதம் கேட்டு வரும் மாணாக்கரை நாளை வா, மறுநாள் வா என்று அலைக்கழிக்காமல் எழுதிக் கொடுங்கள். அந்தக் கடிதத்தில் வாய்பாடாக நல்லவன், வல்லவன் என்று எழுதாமல், அந்தப் பிள்ளை செய்த ஒன்றை எடுத்துக்காட்டி எழுதுங்கள். வாக்கர் வானிலை இலாகாவின் தலைவர். இராமானுஜன் அவருடைய மாணவர் அல்லர். அந்தக் கணிதம் அவருடைய உத்தியோக வேலையும் அன்று. ஆயினும் எழுதினார்.

என்னிடம் வந்த மாணாக்கி இப்பொழுது ஒரு பள்ளியில் ஆசிரியை. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்தவுடன் தன் மாணவர் ஒவ்வொருவர் வீட்டுக்கும் செய்தி சொல்லி, இன்ஸ்பயருக்குரிய தேதியை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்வதாக எனக்கு எழுதியிருந்தாள். என் தவற்றை அவள் தன் கடமையாக்கிக்கொண்டாள். நேயர்களில் ஆசிரியராக இருப்போரும், விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளைப் பெற்றோரும், இந்த ஆண்டுக்குரிய தேதியை அவளைப்போல் இன்றே விசாரித்து வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.